அடிமாட்டு விலைக்கு ஒரு வீடு

சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஐயா. அந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டுகிற பசைதான் மழைக்காலத்தில் நிற்பதில்லை. வரி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நான் அந்தப் பசை வாளியைத் தூக்கியவன். பாக்கி வைத்த சொத்தின் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், திரும்ப வேண்டும். அதைப் படிக்கவும் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சம்பளம் காலுக்குத்தான், கண்ணுக்கு இல்லை.

அந்த மாடி வீட்டில் பழைய மருந்துக்கடைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். விரிசல் இல்லாத சுவர். பார்த்ததும் ஆசை வந்தது. பொய் சொல்ல இப்போது தெம்பில்லை. ஒட்டினேன், போட்டோ எடுத்தேன், பசை காயுமுன் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் மச்சினன் பெயரில் அடிமாட்டு விலைக்கு ஏலம் எடுத்தோம்.

ஏலச் சொத்தில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு வருடத்துக்குள் பழைய சொந்தக்காரர் பணம் கட்டி மீட்டுவிடலாம். அந்த வருடம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை. இன்னொரு ஆபத்து, உள்ளே இருக்கும் ஆள். வருடம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லப் போனோம். பெரியவர் ரசீதுக் கட்டோடு வந்து நின்றார்.

"தம்பி, முப்பது வருஷத்துல ஒரு தவணை விட்டதில்லப்பா. இதப் பாரு."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க பெரியவரே."

"கையில வச்சிருக்கியே ஏலத் தாளு, அத நீ படிச்சியா?"

மச்சினன் சிரித்தான். "மாமா, பெருசு ரசீதுலயே இன்னொரு மாடி கட்டிரும் போல."

சீல் வைக்கும் நாளில் அறை அறையாகப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று எழுதித் தருவது என் பொறுப்பு. கீழே யாரும் இல்லை. மாடியில் இருமல் கேட்டது. ஏறினால் மறுபடி ரசீது, மறுபடி மனு, மறுபடி ஆறு மாதம். முழங்கால் வலி வேறு. எழுதிக் கொடுத்துவிட்டுப் பூட்டினேன்.

மூன்று நாள் தட்டுகிற சத்தம் கேட்டதாக எதிர்வீட்டு அம்மா உங்களிடம் சொன்னாராம். ஐந்து நாள் என்று திருத்திக்கொள்ளுங்கள். சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் போனேன். "பழைய வீடும்மா, எலி" என்று அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தியதும் நான்தான். ஆறாம் நாள் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

கொன்றேன் என்று எழுதாதீர்கள். மாடி ஏறவில்லை என்று எழுதுங்கள்.

பத்திரம் பதியப் போன இடத்தில்தான் அந்த நோட்டீஸை முதல்முறையாகப் படித்தேன். வரி பாக்கி வேறொருவருடையது. அவருடைய நிலத்துக்குக் கதவு இல்லாததால், பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஏலம் எடுத்தது, அந்த வீட்டை ஒட்டி ஓடும் நாலடிச் சாக்கடைச் சந்து.