இறந்தவரின் நகத்துண்டுகள்

கையெழுத்துப் போடும் காகிதத்தை நான் இரண்டு முறை படிப்பேன். முப்பது வருட வழக்கம். அதுவரை நீங்கள் பொறுக்கத்தான் வேண்டும், இன்ஸ்பெக்டர் தம்பி.

நீதிமன்றத்தின் சான்றுப்பொருள் அறை என் பொறுப்பு. கத்தி, சட்டை, கயிறு எல்லாம் அரக்கு முத்திரையோடு அலமாரியில் இருக்கும். முத்திரை உடைந்தால் பொருள் செல்லாது. அந்த விதியை என் அளவுக்கு மதித்தவர் யாருமில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கொலை இது. இறந்தவர் ஒரு தச்சனோடு வீட்டைவிட்டுப் போனவர். எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க வந்த பயல் அவன். அவன்தான் கழுத்தை நெரித்தான் என்று ஆயுள் தண்டனை ஆனது. உடலை வாங்க உறவு என்று ஒருவரும் போகவில்லை. மறு வருடமே நான் அந்தச் சான்றுப்பொருள் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன்.

போன மாதம் தச்சனின் மேல்முறையீடு வந்தது. இறந்தவரின் நகத்துண்டுகளைப் புதிய முறையில் சோதித்தால், அதில் ஒட்டியிருக்கும் தோல் யாருடையது என்று தெரியும் என்றாள் அவனுடைய வக்கீல். நேற்று முளைத்தவள்.

நான் எதையும் எரிக்கவில்லை. பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க உறையைத் திறந்தேன். திறந்ததைப் பதிவேட்டில் நேர்மையாக எழுதினேன். முத்திரை உடைந்ததை ஏற்க முடியாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். தச்சன் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது.

வக்கீல் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள்.

"பெரியவரே, எல்லாப் பக்கத்துலயும் 'இறந்தவரின்'னுதான் எழுதியிருக்கீங்க. இங்க மட்டும் 'தங்கையின் நகத்துண்டுகள்'னு இருக்கே. யாரோட தங்கை?"

உறைக்குள் நகத்தில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. பூசக் கூடாது என்று நான் கண்டித்த சாயம். பார்த்த கையோடு எழுதியதில் பேனா தவறிவிட்டது.

என் மணிக்கட்டுத் தழும்பைப் படம் பிடித்துக்கொண்டீர்கள். பிறாண்டியது அவள்தான். அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் வீட்டுக் கதவை நான் தட்டியதும், "அண்ணா, வந்துட்டியா" என்று சிரித்துக்கொண்டே திறந்தாள். வேலை சுலபமாயிற்று.

இதில் என் கையெழுத்து விழுந்தால்தான் தச்சன் வெளியே வருவான். தெரியும். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைதான் தப்பு. "என் தங்கையைக் கொன்றேன்" என்பதை அடித்துவிட்டு, "இறந்தவரைக் கொன்றேன்" என்று எழுதுங்கள், போடுகிறேன். எங்கள் வீட்டில் தங்கை என்று ஒருத்தி இருந்ததே இல்லை.