பாறையில உக்கார்ற ஆளு

ஒரு கேவலத்தை முதல்லயே சொல்லிடறேன்... வெளிய போய் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு அருவின்னா பயம்! வீட்டுல ஷவரைக்கூடத் திறக்க மாட்டேன். வாளியும் மக்கும்தான். அதுலயும் முதல் மக்கு காலுக்கு. மேலேர்ந்து தண்ணி விழுந்தா, யாரோ என்னைத் திட்டற மாதிரியே இருக்கும்.

அப்பேர்ப்பட்ட ஆளு அருவிக்குப் போனதைச் சொல்றேன், கேளுங்க. சின்னதுதான். உங்க சங்கத் தலைவர் வாட்சைப் பாக்கறதுக்குள்ள முடிச்சிடறேன்.

போன சாரல் சீசனுக்கு வேன் பிடிச்சு, குடும்பத்தோட காட்டு அருவிக்குக் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரி வள்ளிமயில், பொண்ணு இளவேனில், வள்ளியோட அண்ணன் சிதம்பரநாதன், அவர் வீட்டு ஆளுங்க. வழியெல்லாம் மலை, மூங்கில், மேகம்... யாரு பாத்தா? எல்லார் கண்ணும் புளியோதரைத் தூக்கு மேலதான்!

அருவிக்குப் போற குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு, கவனிச்சிருக்கீங்களா? யாராவது ஒருத்தர் பாறையில உக்காந்து பையைப் பாத்துக்கணும். செல்போன், மூக்குக்கண்ணாடி, மாத்துத் துணி, மச்சானோட பல்செட்டு... எங்க வீட்டுல அந்த ஆளு யாரு? வள்ளி. யாரு நியமிச்சா? யாருமே நியமிக்கல! எங்க அருவி போட்டோ எதை வேணா எடுத்துப் பாருங்க. முன்னாடி இவங்கல்லாம் நனைஞ்ச கோழியாட்டம் நிப்பாங்க, ஓரத்துல நான் காலை மட்டும் நனைச்சிட்டு நிப்பேன். பின்னாடி, பைகளுக்கு நடுவுல... காய்ஞ்ச தலையோட அவ. "நீங்க குளிச்சிட்டு வாங்க, அப்புறம் நான்"ம்பா. நாங்க திரும்பி வர்றதும், நேரம் முடிஞ்சதுன்னு வனக்காவலர் விசில் ஊதறதும் ஒண்ணா நடக்கும். அப்புறம் எங்க அப்புறம்?

ஆனா அன்னைக்கு... வழக்கமா தலை நிறைய பூ வச்சிட்டு வர்றவ, தலை நிறைய நல்லெண்ணெய் வச்சிட்டு வந்து வேன்ல ஏறினா. என்ன அர்த்தம்? 'இன்னைக்கு நான் குளிக்கப் போறேன்'னு அர்த்தம்! வாயைத் திறந்து சொல்லல. எங்க மச்சான் மட்டும் அதைக் கவனிச்சாரு. "வள்ளி, சாயாத. சீட்டுல எண்ணெய் படும்!"

அருவிக்குப் போனோம். தூரத்துலயே சத்தம்... நான் எல்லாருக்கும் பின்னாடி போயிட்டேன். மச்சான் சட்டையைக் கழட்டினாரு. பல்லைக் கழட்டினாரு. "வள்ளி, இதக் கொஞ்சம் பாத்துக்கம்மா." அவர் மனைவி கைப்பையைக் குடுத்தாங்க. என் பொண்ணு போனைக் குடுத்தா. வள்ளி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா. பாறையைத் துடைச்சா... உக்காந்தா. நெத்தியில எண்ணெய் வழியுது.

எனக்கு என்னமோ பண்ணுச்சு. இந்தப் பக்கம் எண்ணெய் வழியற நெத்தி. அந்தப் பக்கம் என்னைத் திட்டறதுக்குக் காத்திருக்கிற அருவி. சட்டுனு சொல்லிட்டேன். "எந்திரி வள்ளி. பையை நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. மச்சான் பல் இல்லாத வாயால கேக்கறாரு. "மாப்ள... உடம்புக்கு எதுவும் சரியில்லையா?"

பொண்ணு, "அப்பா, நடிக்காதீங்க. உங்களுக்குத் தண்ணின்னா பயம்!"

வள்ளியா? நான் மனசு மாறிடப் போறேனோன்னு சேலையை இழுத்துச் சொருகிட்டு... ஓட்டமா ஓடினா பாருங்க!

எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. அவ வரல. நாங்க கூப்பிடறோம்... வரல. கடைசியில விசில் ஊதினப்பறம், கண்ணெல்லாம் செவந்து, பல்லு தந்தியடிக்க வந்தா. "எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

சிரிச்சா. "ஏங்க... அதுக்கடியில நின்னா, யாரு கூப்பிடறதும் காதுல விழலங்க!"

அப்புறம்தான் பாறையைப் பாத்தா. "புளியோதரைத் தூக்கு எங்க?"

குரங்கு கொண்டு போயிருச்சு. நான் மச்சானோட பல்செட்டைக் காப்பாத்தறதுலயே குறியா இருந்துட்டேன். பல்லு பத்திரமா இருக்கு, ஆனா கடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே!

சிரிங்க... சிரிச்சிட்டு ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க வீட்டுல பாறையில உக்கார்ற ஆளு யாரு? கல்யாண மண்டபத்துல நகைப் பையோட ரூமுக்குள்ள உக்காந்திருப்பாங்களே... தாலி கட்டறதை வீடியோவுல மட்டும் பாத்தவங்க... அவங்க யாரு? 'பரவால்ல, நீங்க போங்க'ன்னு அவங்க சொல்றதை நம்பாதீங்க. நெத்தியைப் பாருங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லுங்க. "எந்திரி... நான் பாத்துக்கறேன்!" புளியோதரை போனாப் போகுது!

என்னம்மா கேக்கறீங்க? வள்ளி வந்திருக்காங்களாவா? ஓ, வந்திருக்காளே! குடும்பமே வந்திருக்கு. முன் வரிசையில மச்சான்... பல்லைக் காட்டுங்க மச்சான்!

வள்ளி வாசல்ல இருக்கா. எல்லாரோட செருப்பும் பையும் அங்கதானே கிடக்கு... யாராவது பாத்துக்கணும்ல? அங்க ஸ்பீக்கர் கிடையாது. நான் பேசறது ஒண்ணும் காதுல விழாது.

அதான் அவளுக்குப் பிடிக்கும்.