ஈஸ்டர் வராம இருந்தா

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து, சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பஸ்ஸில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். முன் சீட்டில் கையில் குருத்தோலையோடு ஒரு பெண். அவள் பக்கத்தில் குங்குமம் வைத்த ஒரு மூத்த அம்மா. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போல.

“இந்த வருசம் ஈஸ்டரே வராம இருந்தா நல்லாருக்குமுங்க அக்கா” என்றாள் அந்தப் பெண்.

“ஏங் கண்ணு, உங்க சாமி உசுரோட எந்திரிக்கற நாளாச்சே! எங்களுக்குப் பிரியாணி வேண்டாமா?”

“தவக்காலம்னு எங்கூட்டுக்காரரு இத்தன நாளா குடிக்கறதில்லீங்க. நேரத்துல ஊட்டுக்கு வாராரு. புள்ளைக்குச் சடை பின்னி உடறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் பாட்டிலத் தொறந்துருவாருங்க.”

“அட, உங்க ஃபாதர்கிட்டச் சொல்லி இன்னொரு நாப்பது நாளு சேத்து வெக்கச் சொல்லு சாமி!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த பெண் சட்டென்று குருத்தோலையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“பூசையிலயே அப்படித்தான் வேண்டிக்கிட்டேனுங்க அக்கா. ஆண்டவர் எந்திரிக்கவே வேண்டாம்னு. எம்பட வாயி அழுகிப் போகும்.”

“வெக்கப்படோணும்னா உம்பட ஊட்டுக்காரன் படோணும். நீ எதுக்கு அழுவற?”

தவக்காலத்தில் நானும் குடிப்பதில்லை. அன்று காலையில்தான், இன்னும் ஏழே நாள் என்று விரல்விட்டு எண்ணியிருந்தேன்.

என் கையிலிருந்த ஓலையைச் சிலுவையாக மடிக்கப் பார்த்தேன், வரவில்லை. மனைவி அதை வாங்கி, தானே மடிக்கத் தொடங்கினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.