வாசலில் செருப்பு இல்லை

சிலிப்பரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. நீல வார் வைத்த சிலிப்பர். ஒரு வார் அறுந்துபோய் கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கம்பி பையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். பதற்றமெல்லாம் இல்லை, இன்ஸ்பெக்டர். ஜிப்தான் மட்டம். மலிவாக வாங்கினால் அப்படித்தான்.

என் வீடியோ ஒன்றில் எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி தெரிந்திருக்கிறது. அதில் அந்தக் கம்பியைப் புனிதா பார்த்துவிட்டாள். நீங்களும் அலமாரியைத் திறந்து சிலிப்பரை மேசைமேல் வைத்துவிட்டீர்கள். இனி மறைத்து என்ன. ஈப்போவில் ஓய்வு பெறும்வரை சரித்திரம் போதித்தவன் நான். வரிசையாகவே சொல்கிறேன்.

மாயாண்டி புனிதாவின் அப்பா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சிலிபினில் ஒரு கிடங்குக்கு ஜாகா, ராக்காவல். நான் சுண்ணாம்புக் குன்றுகளில் ஏறி இறங்கி வீடியோ போடுகிறவன் என்று தெரிந்ததும், தான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குகை இருப்பதாக அவரே சொன்னார். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டாயிற்று, சனங்களை டவுனுக்கு அனுப்பியாயிற்று, இப்போது அந்தப் பக்கம் ஈ காக்கா இல்லை என்றார். என் தாத்தா அதே தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று கூலியாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அதனால் மாயாண்டிக்கு நான் 'கிராணி வீட்டுத் தம்பி'. சுபேசன் என்ற என் பேர் அவர் வாயில் வந்ததே இல்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் காலத்து ஐரோப்பியக் கடலோடிகள் மேல் ஒரு பித்து. கரையில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருக்கும். கப்பல் தளபதி 'புதிய நிலம்' என்று எழுதுவான். மலைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும். அவன் தன் ராணியின் பேரை வைப்பான். பாறையில் மோதாமல் கப்பலைக் கரை சேர்த்த உள்ளூர்க்காரனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அநியாயம் சார் என்பார்கள் என் மாணவர்கள். இருக்கிறவன் எதையும் கண்டுபிடிப்பதில்லை, வருகிறவன்தான் கண்டுபிடிக்கிறான் என்று சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

மாயாண்டி கூட்டிப்போய்க் காட்டிய குகை பிரமாதமாக இருந்தது. மாநில அரசிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. 'சுபேசன் குகை' என்று பலகைக்குச் சொல்லிவிட்டேன்.

வாசலில் ஒரு முனியாண்டிக் கல். அதன் பக்கத்தில் செருப்பை விட்டுவிட்டுத்தான் தோட்டத்து ஆட்கள் உள்ளே போவார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வர நேரமானால் தேடிப் போவார்கள். கிடக்காவிட்டால் உள்ளே யாருமில்லை. சும்மா நுழைந்து முனியைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம். வீடியோ எடுக்கப் போன அன்றைக்கும் மாயாண்டி சிலிப்பரைக் கழற்றிவிட்டு வந்தார். நான் பூட்ஸோடு போனேன்.

உள்ளே கேமராவை நிறுத்தி, இதுவரை மனிதக் கால் படாத இடம் என்று தொடங்கினேன். பின்னால் சிரிப்புச் சத்தம்.

"என்னா தம்பி, கால் படாத எடமா? நாங்க ஒளிஞ்சி வெளையாடுன எடம்லா இது. சொவத்தப் பாருங்க, எல்லாரு பேரும் கரியில கெடக்கு. ஒங்க தாத்தா பெரட்டுல எங்களுக்குப் பேரு கூப்பிட்டாரு. நீங்க இப்ப குகைக்குப் பேரு வைக்க வந்திட்டீங்க."

மாநில ஆட்கள் வரும்போது இதையெல்லாம் பேச வேண்டாம் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். முனி வாசலில் பொய் சொல்ல வாய் வராது என்றார்.

திரும்பும் வழியில் பக்கவாட்டுப் பள்ளத்தில் வழுக்கி விழுந்தார். நான் தள்ளவில்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கால் முறிந்திருந்தது. அப்போதும் அவருக்குக் கேலி போகவில்லை.

"போயி ஆளக் கூட்டியாங்க தம்பி. நான் எங்க ஓடிறப் போறேன்? நீங்க வழி தப்பிட்டாலும் பரவால்ல. வாசல்ல சிலிப்பரு கெடக்கு, நம்ம ஆளுங்க பாத்தா வந்திருவாங்க."

ஆளைக் கூட்டிவரத்தான் புறப்பட்டேன். வழியில் சுவரில் அந்தப் பேர்கள். கோணல் கோணலாக, சின்னப் பிள்ளைகளின் எழுத்து. துண்டை நனைத்துத் துடைத்தேன். சுலபமாகப் போய்விட்டது. வாசலுக்கு வந்தால் சிலிப்பர். பாக்கி இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் புனிதா போன் பண்ணினாள். அப்பா பழைய ரப்பர்ப் பால் கொட்டாய்க்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டார், குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம் என்றேன். அந்தத் தோட்டத்து ஆட்கள் காம்பார் டவுனிலிருந்தெல்லாம் தேட வந்து சேர்ந்தார்கள். என்னிடம் கயிறும் விளக்கும் இருந்ததால் என்னையே முன்னால் நடக்கச் சொன்னார்கள். செம்பனைக்குள் அலைந்துவிட்டுக் கடைசியில் குகை வாசலுக்கு வந்தோம். கல்லைச் சுற்றிப் பார்த்தார்கள். செருப்பு இல்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பிறகு பலகை திறந்தாயிற்று. உள்ளே தண்ணீர் ஏறியிருந்ததால் மாநில ஆட்கள் முன்கூடத்தோடு நின்று கைதட்டிவிட்டுப் போனார்கள்.

சிலிப்பரை ஏன் ஆற்றில் வீசவில்லை என்று கேட்டீர்கள். கரையிறங்கிய கடலோடி கிளியோ அம்போ, எதையாவது கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட ஏதாவது வேண்டாமா.

விழுந்த அன்றைக்கே அவர் உயிர் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள். புனிதாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தேடிப் போன அன்று எல்லாரும் திரும்பிய பிறகும் அவள் மட்டும் குகை வாசலில் நின்றாள். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், உள்ள யாரோ கூப்பிடுற மாதிரி இல்ல?"

எனக்கும் கேட்டது. அவளுக்கு வெறும் சத்தம்தான். எனக்கு வார்த்தை விளங்கியது. தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டார். அப்போதுகூட என் பேரைச் சொல்லவில்லை.

"வௌவால்மா," என்றேன். "உள்ளே மனுசர் ஒருத்தரும் இல்லை."