நீலாவதிக்கு இங்கிலீஷ் தெரியாது

அந்த வரிய அடிச்சிடுங்க தம்பி. ஆமா, இப்ப படிச்சுத் தமிழ்ல சொன்னீங்களே, மனுதாரரோட தாயார் நீலாவதிக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாதுன்னு, அதான். அத அடிச்சிட்டு அப்புறம் மத்ததப் பேசுவோம். இல்ல, தினேஷ் சொன்னா சொல்லட்டும். அவன் வேலையில துர்காபூர்ல கெடக்கான், மாசத்துக்கு ஒருக்கா வந்து துணிய தொவைக்கப் போட்டுட்டுப் போறான். அம்மா என்ன படிக்கிறா, என்ன எழுதுறான்னு அவனுக்கு எப்படித் தெரியும்.

உக்காருங்க. ஃபேன் காத்து அந்த மூலைக்கு வராது, சேர இப்படி இழுத்துப் போட்டுக்கங்க. பவானிபூர்ல வக்கீல் சார்கிட்ட நீங்க ஜூனியரா? இங்கயே பொறந்து வளந்தவரா இருக்கணும், பேச்சுல தெரியுது. அட, கொறையா சொல்லல. என் புள்ளைய விட நல்லாவே பேசுறீங்க. அவனுக்குக் கோவம் வந்தா பெங்காலிதான் வரும். அவங்கப்பா காரியத்தன்னிக்கு அந்த நர்சிங் ஹோம்காரங்கள அவன் திட்டின திட்டுல, மாடியில இருக்கற கோஷ் பாபுவே கீழ எறங்கி வந்துட்டாரு.

தெரியும் தம்பி. கேஸே அந்த வரியிலதான் நிக்குதுன்னு தெரியும். அம்மா எப்பவும் தமிழ்லதான் கையெழுத்துப் போடுவாங்க, பேங்க்லயும் தமிழ்லதான் இருக்கு, நர்சிங் ஹோம் பேப்பர்ல மட்டும் இங்கிலீஷ்ல எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. பொய்க் கையெழுத்துன்னு. சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. டீ ஆறுது பாருங்க.

எங்க வீட்டுக்காரரு முப்பத்தோரு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ்ல கிளார்க்கு. இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. காலையில பால்கனியில உக்காந்து பேப்பர் படிப்பாரு. நான் காய் நறுக்கிக்கிட்டே என்ன சேதின்னு கேப்பேன். ஒரு பக்கம் பூரா எழுதியிருப்பான், இவரு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாரு. மீதி எங்கங்கன்னா, உனக்கு இது போதும்பாரு. டாக்டர் பேசினாலும் அப்படித்தான், பேங்க் கடுதாசி வந்தாலும் அப்படித்தான். கெட்ட எண்ணம் இல்ல. நான் பயந்துடுவேனாம். கல்யாணம் ஆகி ஜோலார்பேட்டையிலேருந்து வந்த நாள்லேருந்து, எனக்குப் பாதிதான் வந்து சேரும்.

போன வருஷம் பூஜைக்கப்புறம் நம்ம தெரு கிளப்புல பொம்பளைங்களுக்கு மத்தியான நேரத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆரம்பிச்சாங்க. சுதேஷ்ணான்னு காலேஜ் படிக்கிற பொண்ணு. என்னை மாஷிமா மாஷிமான்னு கூப்பிடும், நம்ம சித்திங்கற மாதிரி. நான் எட்டாவதோட நிறுத்தினவ, எழுத்து மட்டும் தெரியும். இவரு தூங்குற நேரமா பாத்து, காய் வாங்கப் போறேன்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். அப்பத்தான் சந்திரயான விட்டாங்க. பேப்பர் பூரா நிலாதான். அந்தப் பொண்ணு சொல்லிச்சு, புஸ்தகம் எதுக்கு, அவங்கவங்க வீட்டுப் பேப்பர்லேருந்து நிலா சேதிய வெட்டிட்டு வாங்க, அதுலயே வார்த்தை கத்துக்கலாம்னு.

சிரிக்காதீங்க. எண்பத்தாறு வார்த்தை. லாஞ்ச், ஆர்பிட், சர்ஃபேஸ், கிரேட்டர். கிரேட்டர்னா பள்ளம். நிலாவுல இருக்கிற பள்ளத்துக்கெல்லாம் பேரு வச்சிருக்காங்க, நம்ம டாக்குரியா ரோட்டுப் பள்ளத்துக்குத்தான் இன்னும் வைக்கலன்னு சொன்னேன், கிளாஸ் பூரா சிரிச்சுது. நோட்டு இருக்கு, காட்டவா? சரி, அப்புறம் காட்டுறேன்.

நவம்பர்ல நிலா மேல ஒரு பொட்டியப் போட்டாங்களே, பக்கத்துல எல்லாம் கொடி வரைஞ்சு? மறுநாள் காலையில இவரு பேப்பர மடிச்சிட்டு, நம்ம கொடிய நிலாவுல வச்சாச்சு நீலான்னாரு. அவ்வளவுதான். மத்தியானம் கிளாஸ்ல நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். இம்பேக்ட்னு அன்னிக்குத்தான் கத்துக்கிட்டோம். போய் மோதுறது. அந்தப் பொட்டி மோதுறதுக்குன்னே போச்சாம், திரும்பி வர வழியே கிடையாதாம். இத ஏன் இந்த மனுசன் சொல்லலன்னு எரிச்சலா வந்துச்சு. ஆனா வாயத் தொறக்கல. இருக்கட்டும், ஒரு நாளைக்கு இவரு முன்னாடியே ஒரு முழுப் பேப்பரையும் நிறுத்தாம படிச்சுக் காட்டணும், மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு வச்சிருந்தேன்.

படிக்கிறதுல நான்தான் மொதல். அர்த்தம் பின்னால வரும், மொதல்ல வாயத் தொறந்து சத்தமா படிங்கன்னுதான் அந்தப் பொண்ணோட பாடம். நான் படிச்சா எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்குமாம். பாதி புரியாது. ஏத்த எறக்கத்தோட போய்க்கிட்டே இருப்பேன். கையெழுத்தும் இங்கிலீஷ்ல அங்கதான் பழகினேன்.

ஆமா. அந்த வீ-க்கு ரெண்டு கொம்பும் வளைஞ்சிருக்கும். இப்படி. உங்க நகல்ல இருக்கறதும் இப்படித்தானே?

என் கையெழுத்துதான் தம்பி. யாரும் பொய்யாப் போடல.

பேனாவ மூடாதீங்க, எழுதுங்க. ஜனவரியில லேக்ல நடக்கப் போனவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. காளிகாட் பக்கம் ஒரு நர்சிங் ஹோம்ல சேத்தோம். தினேஷ் ரெண்டு நாள் இருந்துட்டு டூட்டிக்குப் போயிட்டான். நாலாவது நாள் இவருக்கு வலி இல்ல, வாய் வந்துடுச்சு. பெட்பேன் வைக்கிறத அவரால தாங்க முடியல, அதுவும் சின்னப் பொண்ணுங்க வந்து வைக்கிறத. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும், இதே பாட்டு. காலையில டாக்டர் வந்து இவர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டுப் போனாரு. ரொம்ப நேரம், மடமடன்னு. என்னங்க சொன்னாருன்னேன். நல்லாயிடுச்சாம், போலாமாம்னாரு.

ரெண்டு வார்த்தை. நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன்.

அப்புறந்தான் அந்த நர்சு பொண்ணு அமலா பேப்பர் எடுத்துட்டு வந்துச்சு. நீங்க எழுதியிருக்கிறதுல ரெண்டாவது எதிரி. கேரளாப் பொண்ணு, என்னை சேச்சின்னு கூப்பிடும். இல்ல தம்பி, வெளக்கம் சொல்லாம வாங்கிட்டாங்கன்னும் மாத்தி எழுத முடியாது. அது சொல்ல வந்துச்சு. சேச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு நான் தமிழ்ல சொல்றேன், கேட்டுட்டு ஒப்பு போடுங்கன்னு நின்னுச்சு. நான்தான் விடல. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அது கையிலேருந்து வாங்கி, அங்கயே நின்னு, மேலேருந்து கீழ வரைக்கும் சத்தமா படிச்சேன். ஒரு எடத்துல திக்கல. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. படிக்கத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சு அந்தப் பொண்ணு கீழ சாட்சி போட்டுச்சு. வேற என்ன செய்யும்.

சனிக்கிழமை காலையில பல்லு தேய்க்கப் போனவரு, வாஷ்பேசின் கிட்டயே போயிட்டாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகல.

ஏன் இவ்வளவு நாள் சொல்லலன்னா என்ன சொல்றது. காரியத்தன்னிக்கு தினேஷ் அந்தப் பேப்பர ஆட்டிக்கிட்டு, எங்கம்மாவுக்கு இங்கிலீஷே தெரியாது, எவனோ போட்டிருக்கான்னு சொந்தக்காரங்க நடுவுல கத்தினான். அப்பா போன ஆத்திரத்த அவன் எங்கயாவது கொட்டணும். அங்க நான் எழுந்து, இல்லப்பா, நான்தான் போட்டேன்னு சொல்றதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் பேப்பர் என்னன்னே அப்ப எனக்குத் தெரியாது. பயமா இருந்துச்சு. இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு. இத அவன்கிட்ட நீங்க சொல்றதா, நான் சொல்றதான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு அமலா வந்துச்சு. நீங்க இருக்கிற இதே சேர்லதான் உக்காந்துச்சு. எட்டு மாசமா வேலை இல்ல. பொய்க் கையெழுத்து போட்டவள்னு ஊருக்குள்ள ஒரு எடத்துலயும் எடுக்க மாட்டேங்குறாங்களாம். சண்டை போடல. சேச்சி, நீங்க படிச்சது எனக்குக் கனவுலகூடக் கேக்குது, அத கோர்ட்டுல சொன்னாப் போதும்னுச்சு. அதனாலதான் வக்கீல் சாருக்குப் போன் பண்ணி உங்கள வரச் சொன்னேன். கேஸ் தோத்தா தோத்துட்டுப் போகுது.

என்ன கேட்டீங்க? ஆமா, இப்பத் தெரியும். நீங்க அனுப்பின நகல எடுத்து வச்சிக்கிட்டு, டிக்‌ஷனரியில ஒவ்வொண்ணா தேடிப் பாத்தேன். மூணு நாள் ஆச்சு. நான் படிச்ச நிலா வார்த்தை ஒண்ணுகூட அதுல இல்ல. டாக்டர் போகக் கூடாதுன்னு சொல்லியும் நாங்களா கூட்டிட்டுப் போறோம், உயிருக்கு ஆபத்து இருக்குன்னு தெரியும், பொறுப்பு எங்களோடது. மூணாவது வரி அது.

படிச்சப்ப கிட்டக்க வேற யாரு. நானு, அந்தப் பொண்ணு, கட்டில்ல அவரு.

கேட்டாரு, கேக்காம என்ன. தலகாணிய முட்டுக் குடுத்து உக்காந்து, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு. முடிச்சதும், எப்படீ கத்துக்கிட்டேன்னாரு. நாப்பது வருஷத்துல அவரு மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷத்த நான் பாத்ததில்ல. அதுக்காகவே அவரு மேல எனக்கு இப்ப ஆத்திரம் ஆத்திரமா வருது தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. மூணாவது வரிய மட்டும் இன்னொரு தடவை படி நீலான்னாரு. என் வாயால கேக்க ஆசைப்படுறாருன்னு நெனச்சு, மொதல்ல படிச்சத விட சத்தமா படிச்சேன். கேட்டுட்டு, பேனாவ அவர்தான் எடுத்துக் குடுத்தாரு.