எல்லைக்கல்லைச் சுத்தி மூணு ஊரு

இருங்க, இருங்க... கை தட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். வெயில் ஏறுறதுக்குள்ள குட்டியா ஒரு கதை சொல்லி முடிச்சிடுறேன். ஊர் பேரெல்லாம் நான் வச்சது. உங்க ஊர் மாதிரி இருந்தா கோவிச்சுக்காதீங்க.

ஒரு மலைச் சரிவு. மூணு ஊராட்சி. மேல்பாறை, நடுப்பாறை, கீழ்ப்பாறை. மூணு ஊர்லயும் போன் இருக்கு... நெட் இல்ல. "நெட் இல்லாட்டி என்ன, குடியா முழுகிப் போச்சு?"ன்னு டவுன்ல உட்கார்ந்து கேக்குறாங்க பாருங்க, அவங்க ஒரு நாள் நடுப்பாறை ரேஷன் கடைக்கு வரணும். கைரேகை வச்சாத்தான் அரிசி. ரேகை வைக்கிற மிஷினுக்கு சிக்னல் வேணும். சிக்னல் எங்க கிடைக்கும்? ஊருக்குப் பின்னால, பாறை உச்சியில! கடைக்காரர் மிஷினைத் தூக்கிக்கிட்டு ஏறுவார். ஊரே அவர் பின்னால ஏறும்.

அந்த ஊர்ல செவத்தம்மான்னு ஒருத்தங்க. இளம்பிள்ளைவாதத்துல ஒரு கால் போனவங்க. தனி ஆள். பூக்கட்டிப் பிழைக்கிறாங்க. அவங்க எப்படிங்க ஏறுவாங்க? ஒரு தடவை ஏறி, உருண்டு விழுந்து, முழங்கை பிசகிப் போச்சு. அதோட ஏறல. ரெண்டு மாசம் அரிசி இல்ல. அது அவங்க அரிசிங்க! யாரும் போடுற பிச்சை இல்ல!

சரி... தலைவருங்க இல்லையா? இருந்தாங்க. சும்மாவும் இல்ல. மூணு பேரும் இன்டர்நெட் கம்பெனிக்கு மனு எழுதினாங்க. எப்படி? தனித்தனியா! மேல்பாறைத் தலைவர் வீரணன் எழுதினார், "எங்க ஊர்தான் பெரிய ஊர். மத்த ரெண்டுலயும் நாலு வீடுகூடத் தேறாது." நடுப்பாறைத் தலைவி அன்னக்கொடி எழுதினாங்க, "எங்களுக்கு மேலயும் கீழயும் பாதி வீடு பூட்டிக் கிடக்கு." கீழ்ப்பாறை அந்தோணிராசு... "மேல இருக்கிற ரெண்டும் வெறும் காடு." சிரிக்காதீங்க! நீங்க எழுதினதை நான் இன்னும் சொல்லல.

கம்பெனி மேனேஜர் மூணு பேரையும் வரச்சொன்னார். மூணு மனுவையும் மேசையில பரப்பினார். "நானா எதுவும் சொல்லலைங்க. நீங்க குடுத்ததைத்தான் படிக்கிறேன். மூணையும் சேர்த்துப் படிச்சா, அந்த மலைப் பக்கம் ஆளே இல்ல! ஆளில்லாத இடத்துக்கு எதுக்கு வயர்?"

எப்படி இருந்திருக்கும்? வெளிய வந்து, பஸ் ஸ்டாப்புல மூணு பேரும் மூணு பக்கம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அன்னக்கொடிதான் வாயைத் திறந்தாங்க. "அண்ணே, நாமளே நம்ம ஊரைக் காலி பண்ணிட்டு வந்திருக்கோம்."

இனி சேர்ந்து கேக்கணும். மூணு ஊருக்கும் சேர்த்து ஒரே கிராம சபை போடணும். அன்னக்கொடி ஒன்றிய ஆபீஸ்ல போய்ச் சொன்னா, அதிகாரி தலையை ஆட்டுறார். "முடியாதும்மா. அவங்கவங்க ஊராட்சி எல்லைக்குள்ளதான் கூட்டம். அடுத்த ஊர்ல உட்கார்ந்தா செல்லாது."

"எல்லைக்குள்ள எங்க வேணா உட்காரலாமா சார்?"

"தாராளமா."

"எல்லை ஓரத்துல?"

யோசிச்சார்... யோசிச்சார்... "கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்ல."

மே ஒண்ணாம் தேதி. மூணு ஊர் எல்லையும் வந்து சேர்ற இடத்துல ஒரு கல்லு. அந்தக் கல்லைச் சுத்தி மூணு ஊரும் உட்கார்ந்திருச்சுங்க! ஒருத்தர் கால்விரல்கூட அடுத்த எல்லையில இல்ல! மூணு தீர்மான நோட்டும் அந்தக் கல்லு மேல!

அங்கயும் சண்டை வந்துச்சு. வராம இருக்குமா, நம்ம ஆளுங்களாச்சே! வயர் முதல்ல எந்த ஊருக்கு? "எங்களுக்கு!" "ஏன், நாங்க என்ன இளிச்சவாயங்களா?" துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க. அப்பத்தான், ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து உட்கார வச்சிருந்த செவத்தம்மா சத்தம் போட்டாங்க.

"எந்திரிக்க முடிஞ்சவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிடுவீங்க. நான் எங்கய்யா போறது? எங்க ஊருக்குக் கடைசியாவே வரட்டும். ஆனா மூணு ஊருக்கும் வரும்னு எழுதுங்க. எழுதாம என்னை இங்கருந்து தூக்கக் கூடாது!"

உட்கார்ந்தாங்க. எழுதினாங்க. மூணு நோட்டுலயும் ஒரே வாசகம். கம்பம் நாங்க நடுவோம், வயர் நாங்க இழுப்போம், எல்லாம் மூணு ஊராட்சிக்கும் பொது. கம்பெனி அடிவாரம் வரைக்கும் லைன் குடுத்தாப் போதும்.

மூணு ஊரும் சொந்தமா வயர் போட்டா கம்பெனி வியாபாரம் என்னாகுறது? இப்ப மேனேஜர் ஓடி வர்றார்! நேரா அந்தோணிராசுகிட்ட. "சார், நீங்கதான் அடிவாரத்துல இருக்கீங்க. உங்க ஊருக்கு மட்டும் நாங்களே உடனே போட்டுத் தர்றோம். மத்தவங்களை எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க?"

அந்தோணிராசு சொன்னார்... "ஆளில்லாத ஊருக்கு நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீங்க? நாங்க பார்த்துக்கிறோம்."

ஆறு மாசம் ஆச்சு. அடிவாரத்துல இருந்து மூணு ஊருக்கும் வயரை இழுத்துட்டாங்க. இன்னைக்கு அந்த மிஷின் கடையை விட்டு நகர்றதில்ல. செவத்தம்மா கட்டையை ஊனிக்கிட்டு வருவாங்க, விரலை வைப்பாங்க, அரிசியை வாங்கிட்டுப் போவாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன்... இந்தப் பந்தல்ல நெட் கேட்டு அஞ்சு ஊராட்சி உட்கார்ந்திருக்கு. தனித்தனியா மனு குடுங்கன்னு கம்பெனிக்காரங்க நம்மகிட்ட ஏன் சொல்றாங்க? தனியா விட்டா நாம ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுவோம்னு அவங்களுக்குத் தெரியும்! நம்ம வாயாலயே நம்மளை இல்லைன்னு சொல்ல வச்சிடுவாங்க! ரூல் குறுக்க நிக்குதா? நிக்கட்டும். அதுக்குள்ளயே உட்கார ஒரு இடம் இருக்கும், தேடிக் கண்டுபிடிங்க. கெஞ்சுறதுக்கா இங்க கூடியிருக்கோம்?

தலைவருங்களே... ஆளுக்கொரு மனு பையில வச்சிருக்கீங்க. காலையில ரெண்டை நானே படிச்சேன், வெக்கமா இருந்துச்சு. எடுங்க. கிழிங்க. இந்த மைக்ல சத்தம் கேக்கணும்... ம்... இன்னும் ஒருத்தர் பாக்கி. கிழிங்கண்ணே!

நல்லது. இப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரே மனு. பேனாவை எடுங்க. முதல் வரி நான் சொல்றேன்...

"எங்க பக்கத்து ஊர்லயும் ஆள் இருக்கு."