எல்லாக் கட்டிலுக்கும் இரண்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முதன்மை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நின்றபடியே நாளைக் கழிக்கும் செவிலியர்களே, கட்டிலோரம் உட்கார்ந்தே உறங்கப் பழகிய தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

மேடை எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்தும் வாய் திறக்காத ஆள். நன்றி சொல்ல அழைத்தீர்கள். நன்றி உண்டு. வளைந்து போன என் தங்கையின் முதுகை நிமிர்த்தினீர்கள். நிமிர்ந்த முதுகுக்குள் நெருப்பு எரிந்ததே, அதை யார் கேட்டீர்கள்?

இன்று இந்த வார்டுக்குக் கேடயம்! 'வலி குறைந்த வார்டு' என்று கேடயம்! எப்படிக் குறைந்தது வலி? சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாள் தொங்கும். வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட வேண்டும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலை, பெரிய டாக்டர் வரும் நேரம். அவசரத்தில் இருந்த செவிலியர் என் அம்மாவிடம் கேட்டார்: "பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"பரவால்லைங்க சிஸ்டர்." வெள்ளைக் கோட்டு பக்கத்தில் நின்றால் என் அம்மாவுக்கு வேறு சொல் வராது.

செவிலியர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணுதானே? நீயே போட்டுடும்மா."

பேனா என் கைக்கு வந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன், இரண்டு. எதிர்க் கட்டிலைப் பார்த்தேன், இரண்டு. நானும் போட்டேன், இரண்டு!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! பரீட்சையில்கூடப் பார்த்து எழுதாத நான், தங்கையின் வலியைப் பார்த்து எழுதினேன்!

எண் நாலைத் தாண்டினால்தான் கூடுதல் மருந்து. மறுநாளும் இரண்டு. மருந்து கூடவில்லை. அவள் அழவும் இல்லை. "சமத்துப் பொண்ணு" என்று எல்லோரும் மெச்சினோம்.

நான்காம் நாள், அழுக்குத் துணி எடுக்க வரும் அக்கா தலையணை உறையை உருவி, விரித்துப் பிடித்தார். "ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? புள்ள கடிச்சே கந்தலாக்கியிருக்கு. வலிக்காத புள்ளையா இப்படிக் கடிக்கும்?"

அப்போதுதான் தங்கையிடம் கேட்டேன். "எத்தனைடி?"

"ஒன்பது."

"ஏன்டி சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

இதோ அந்த உறை! பின்வரிசை வரை தெரிகிறதா?

முன்வரிசையில் என்ன ஐயா? 'முதுகை அறுத்தா வலிக்கத்தாம்மா செய்யும்' என்கிறீர்களா? வலிக்கும் ஐயா! வலிக்கும் என்றுதானே மருந்து இருக்கிறது! அழுத பிறகு கொடுப்பதா? கெஞ்சிய பிறகு கொடுப்பதா? நேரத்துக்குச் சோறு வருகிற வார்டில் நேரத்துக்கு வலி மருந்து வரக் கூடாதா? எழுந்து நட என்று சொல்வதற்கு முன்பே வரக் கூடாதா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்து வரை எண்ணத் தெரியாதா?

அடுத்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன். வரமாட்டேன் என்கிறாள். "கத்திக்குப் பயமில்லக்கா. நீங்க எழுதுற தாளுக்குத்தான் பயம். நான் எழுதுறேன்னா வரேன்."

தலைவர் அவர்களே! கேடயம் அந்த மேசையிலேயே இருக்கட்டும். உங்கள் சட்டைப்பையில் உள்ள பேனாவை அவளிடம் கொடுங்கள். மூன்றாம் வரிசையில், முதுகுப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

எழுந்துவிட்டீர்களா தலைவர் ஐயா? படி இறங்குகிறீர்களா? கைதட்டாதீர்கள், அவர் அவளிடம் கேட்பது எனக்குக் கேட்க வேண்டும்!

பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும், அந்தத் துணி எடுக்கும் அக்காவுக்கும் என் நன்றி. வணக்கம்.

மெதுவா எந்திரிடி. பேனா வருது.